ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் படிக்கலாமா? கேட்கிறவர்களுக்கு என் கதையும் கொஞ்சம் கணக்கும்

டிகிரி கடைசி செமஸ்டர் முடிகிற நேரம் வந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "காக்கா, ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட்டுக்கு நல்ல சம்பளமாமே, சேரலாமா?" (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) கேட்பவர்கள் பெரும்பாலும் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கத்துப் பிள்ளைகள், இல்லையென்றால் அவர்களின் வாப்பாமார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசித் தொண்டை வற்றிப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். இப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் வேலை இருக்கிறது, சம்பளமும் ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் பணமும் சில வருடங்களும் போயின. முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. எங்கள் தெருவில் டாக்டருக்குப் படித்தவர்கள் உண்டு, நர்ஸ் உண்டு, துபாயில் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆஸ்பத்திரியை நிர்வாகம் செய்யப் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

2017இல் பி.காம். முடித்தேன். வாப்பா சவூதியிலிருந்து திரும்பி வந்து மீன் ஏலத்தில் எடுத்து அனுப்பும் சின்ன வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கல்லூரியில் சேர்கிற சமயத்தில்தான் எங்கள் வீட்டில் கையில் காசே இருக்காது. அந்த நேரம் பார்த்து மதுரையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டின் நோட்டீஸ் கைக்கு வந்தது. எம்.பி.ஏ. ஹாஸ்பிட்டல் அட்மினிஸ்ட்ரேஷன், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம், ஆரம்பச் சம்பளம் 35,000. கோட் போட்ட ஒரு பையன் ஸ்டெதஸ்கோப்போடு நின்று சிரிக்கிற படம். நிர்வாகம் படிக்கிறவனுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கட்டணம் 1,80,000, இரண்டு தவணை. முதல் தவணைக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த யுனிவர்சிட்டி? ஏ.ஐ.சி.டி.இ. அப்ரூவல் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். ஏ.ஐ.சி.டி.இ. என்பது எம்.பி.ஏ. மாதிரி படிப்புகளை நடத்தும் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய அமைப்பு. இன்ஸ்டிட்யூட்டில் கேட்டதற்கு, "பேங்க்காரங்க இழுத்தடிப்பாங்க தம்பி, நாங்களே ஈ.எம்.ஐ. ஏற்பாடு பண்ணித் தர்றோம்" என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பாரத்தை நீட்டினார்கள். வாப்பாவுக்கு வட்டி பிடிக்காது. உம்மாவின் வளையலை விற்றுத்தான் கட்டினோம். அந்த மேனேஜர் நேராக எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதனால் இப்போது என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: கடன் தேவையோ இல்லையோ, அந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்குமா என்று அரசு வங்கி ஒன்றில் போய்க் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கல்விக் கடன் கொடுக்காது. செலவே இல்லாமல் உங்களுக்காக ஒருவர் விசாரித்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீங்களே செய்ய வேண்டிய சரிபார்ப்பு. பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், சட்டப்படி அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாடியில் நாலு ரூம் எடுத்து நடத்தும் இன்ஸ்டிட்யூட் எம்.பி.ஏ. கொடுக்க முடியாது. "நாங்க டை-அப் வச்சிருக்கோம்" என்பார்கள். யாரோடு டை-அப், சான்றிதழில் யார் முத்திரை இருக்கும், போன வருடம் முடித்த ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் அந்தக் கல்வியாண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைநிலை என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்த வருடத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. தன் தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. எனக்குக் கடைசியில் கிடைத்தவை இரண்டு தாள்கள்: இன்ஸ்டிட்யூட்டே அச்சடித்த ஒரு டிப்ளமோ, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் ஒரு எம்.பி.ஏ. சான்றிதழ். இரண்டாவதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வகுப்பு வாரத்தில் மூன்று நாள். பாடம் நடத்தியவர்களில் ஒருவர் மட்டும் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் மார்க்கெட்டிங் புத்தகத்தை வரிவரியாக வாசித்தார்கள். கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் என்று ஒரு மருத்துவமனையில் விட்டார்கள். சம்பளம் கிடையாது. ரிசப்ஷனில் டோக்கன் போட்டேன், வீல்சேர் தள்ளினேன், டாக்டர் வந்தால் லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தேன். 2019இல் அதே மருத்துவமனையில் "பிளேஸ்மென்ட்" ஆனது. பதவியின் பெயர் எக்ஸிக்யூட்டிவ் ஆப்பரேஷன்ஸ். உட்கார்ந்தது அதே ரிசப்ஷன் நாற்காலியில். சம்பளம் 11,500. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,380, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 87, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 போகக் கைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். இரண்டு வருடம் போக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பிலிருந்து பி.காம். வரை அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊரில் கேட்பவர்களிடம் வாப்பா, "பையன் ஆஸ்பத்திரியில மேனேஜர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருநாளைக்கு வீட்டுக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கூட பி.காம். படித்து ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவன் என்னைவிட அதிகம் வாங்கினான்.

சம்பளம் பேசும்போது இதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு இவ்வளவு, சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) இவ்வளவு என்றால் மயங்காதீர்கள். அதில் முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கும் சேர்ந்திருக்கும், சில இடங்களில் யூனிஃபார்மும் சாப்பாடும்கூடச் சேர்ந்திருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு என்று ஒரே கேள்வி கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பி.எஃப். பிடித்தால் அது உங்கள் காசுதான், ஆனால் பிடித்ததை உண்மையில் கட்டுகிறார்களா என்று அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்திக்கு ஏழு மாதமாகப் பிடித்தும் கட்டாமல் இருந்தார்கள். அவள் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் கட்டினார்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். நான் அந்த இடத்தை விட்டு வரும்போது பாண்டு காலம் முடிந்தே வெகுநாள் ஆகியிருந்தது, அப்படியும் கடைசி மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன.

திருப்பம் கொரோனா காலத்தில் வந்தது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த அண்ணனுக்கும் அவருடைய உதவியாளருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். பி.காம். படித்தவன், கணக்கு தெரியும் என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் என்ன என்பதை நான் படித்தது அந்த மேசையில்தான். நோயாளி உள்ளே வந்ததும் ப்ரீ-ஆத் (சிகிச்சைச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்கும் விண்ணப்பம்) அனுப்ப வேண்டும், டி.பி.ஏ. (காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கும் நிறுவனம்) கொயரி போடுவார்கள், அதற்கு டாக்டரிடம் பதில் வாங்க வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில்லுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அப்புறம் ஃபைலை அனுப்பிவிட்டுப் பணம் வருகிறதா, எவ்வளவு வெட்டினார்கள் என்று துரத்த வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தொடை எலும்பு உடைந்து வந்த ஒரு பெரியவருக்கு பிளேட் வைத்து ஆபரேஷன் நடந்தது. கிளெய்ம் நிராகரிப்பு என்று வந்தது. ஃபைலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறது, பில் இருக்கிறது. இம்பிளான்ட் ஸ்டிக்கர் இல்லை. பிளேட் வருகிற அட்டைப் பெட்டியில் பேட்ச் எண்ணோடு ஒட்டியிருக்கும் விரல் நீளத் தாள் அது, ஆபரேஷன் தியேட்டரில் உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். தியேட்டர் நர்ஸ் அக்காவிடம் கெஞ்சி, சப்ளை செய்த கம்பெனியிடம் அதே பேட்ச் எண்ணோடு இன்வாய்ஸும் கடிதமும் வாங்கி மறுபடி அனுப்பினேன். பணம் வந்தது. அன்றைக்கு மருத்துவமனையின் முதலாளி டாக்டர் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த மாதமே சம்பளம் 16,000 ஆனது. ரிசப்ஷனில் எத்தனை வருடம் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாலும் அது நடந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குள் பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் இந்தத் துறையில் சம்பளம் ஏறுகிறது.

நம் பக்கத்தில் இதன் மதிப்பு இன்னும் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் வந்தது, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது, இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். கடலோரத்தில் பாதிக் குடும்பம் இதற்குள் வரும், ஆனால் கார்டு எடுத்திருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வயது வேறு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் கார்டு பதிந்துவிட்டு வாருங்கள் என்று விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். தனியார் காப்பீட்டிலும் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் போட்ட விதிப்படி கேஷ்லெஸ் (நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டுக் கம்பெனியே கட்டுவது) ஒப்புதலை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் கொடுத்தாக வேண்டும். அவர்கள் வேகமாகப் பதில் தருவதென்றால் நாமும் வேகமாக, ஓட்டை இல்லாத ஃபைலை அனுப்ப வேண்டும் அல்லவா. இந்த வேலை தெரிந்த ஆளைச் சின்ன ஆஸ்பத்திரிகூடத் தேடுகிறது. 2022இல் ராமநாதபுரத்துக்கு மாறினேன், சம்பளம் 22,000. இப்போது முப்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன் என்பதால் மதுரையில் நாற்பது வாங்குவதற்குச் சமம் என்று உம்மா சொல்வார்.

சரி, அந்த இரண்டாவது சான்றிதழுக்கு வருகிறேன். 2023இல் துபாயிலிருந்து மச்சான் போன் செய்தான். அங்கே ஒரு கிளினிக்கில் இன்சூரன்ஸ் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அனுபவம் சரியாக இருக்கிறது, டிகிரியை அட்டெஸ்டேஷன் செய்து அனுப்பு என்றான். சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநிலத்தில் முதலில் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தூதரகம் என்று வரிசையாகப் போகும். முதல் படியிலேயே நின்றுவிட்டது. நான் படித்ததாகச் சொன்ன வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாநிலத்துக்கு வெளியே மையம் வைத்து அந்தப் படிப்பை நடத்த அனுமதியே இல்லை. ஏஜென்டுக்குக் கட்டியது 14,000, போனது போனதுதான். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. உம்மாவின் வளையல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

இன்ஸ்டிட்யூட்டைத் தேடிப் போனால் அந்த மாடியில் டைப்ரைட்டிங் சென்டர் இருந்தது. வக்கீலைப் பார்த்தேன். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், இப்போது தாமதத்துக்குக் காரணம் சொல்லித்தான் நுழைய வேண்டும், எதிர்த்தரப்பைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்றார். விட்டுவிட்டேன். இப்போதுதான் சேர்ந்து ஏமாந்திருக்கிறவர்கள் விடாதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நூறு சதவீத வேலை என்று அச்சடித்த தாள்தான் உங்கள் சாட்சி.

இனி, எந்தப் படிப்பு, எவ்வளவு சம்பளம். நான் நம் மாவட்டத்திலும் மதுரையிலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ரிசப்ஷன், பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு) வேலைக்கு பத்து முதல் பதின்மூன்றாயிரம், அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை, அதற்காக லட்சக்கணக்கில் செலவழிக்காதீர்கள். இன்சூரன்ஸ், பில்லிங் என்றால் பதினைந்தில் ஆரம்பித்து அனுபவத்தோடு முப்பது முப்பத்தைந்து வரை போகும், பி.காம். பிள்ளைகளுக்கு இதுதான் வாசல். நர்சிங் படித்தவர்கள் தரப் பிரிவுக்குப் போகலாம், என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளின் தரத்துக்கான) அங்கீகாரத்துக்குத் தயாராகிற மருத்துவமனைகளுக்குத் தொற்றுக் கட்டுப்பாடு, ஆடிட் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும், வார்டு அனுபவம் உள்ள நர்ஸை அந்த இடத்தில் எம்.பி.ஏ. மட்டும் படித்தவன் மிஞ்ச முடியாது. பயோமெடிக்கல் இன்ஜினியர்களுக்கு உபகரணப் பிரிவு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பக்கம் போகிறவர்கள், 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் மருத்துவத் தகவல் மேலாண்மையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். சேர்வதற்கு முன் படிப்பு அந்த விதிகளுக்குள் வருகிறதா என்று கேளுங்கள். மொத்த ஆஸ்பத்திரிக்கும் மேனேஜர் என்றால் மதுரைப் பெரிய மருத்துவமனைகளில் ஐம்பதுக்கு மேல் உண்டு. நம் ஊரில் இருபது, முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலியில் பெரும்பாலும் டாக்டரின் மச்சினன் உட்கார்ந்திருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே போக ஆசையும் மார்க்கும் இருந்தால் நோட்டீஸ்களைத் தூரப் போட்டுவிட்டு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மருத்துவமனை நிர்வாக முதுகலை மாதிரி இடங்களுக்கு முயற்சி செய்யுங்கள். பக்கத்திலேயே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 1976இல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது. கண் மருத்துவமனையை எப்படி நடத்துவது என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து கற்றுக்கொள்கிற பயிற்சி நிறுவனமே அவர்களிடம் உண்டு. அரசுப் பக்கமும் பாருங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கிற அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், தரக் கண்காணிப்பு போன்ற பதவிகளுக்கு முதுகலைப் பட்டம் கேட்பார்கள். பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம்தான், நிரந்தரம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஊரைச் சுற்றி ஸ்கேன் சென்டர், லேப், புது ஆஸ்பத்திரி என்று வளர்ந்துகொண்டிருக்கிறது, பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிட உள்ளூரிலேயே வாய்ப்பு கூடியிருக்கிறது.

சேர்வதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். தெரிந்த ஆஸ்பத்திரி எதிலாவது பில்லிங்கிலோ இன்சூரன்ஸ் மேசையிலோ ஒரு வாரம் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர் ஆறு மணிவரை போகாமல், கூட வந்தவர்கள் எல்லோரும் உங்கள் மேசையைச் சுற்றி நின்று கத்தும்போது பொறுமையாகப் பதில் சொல்ல முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். ராமேஸ்வரம் பஸ் போய்விடும் என்று அழுகிற பாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்.

நான் இப்போது அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலையில் எம்.பி.ஏ. படிக்கிறேன், அனுமதிப் பட்டியலை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். கடைசி செமஸ்டர் பாக்கி. துபாய் மச்சான் மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறான். போவதாக இருந்தால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக அரசு நடத்தும் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான், அவர்கள் வாங்க அனுமதிக்கப்பட்ட கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்க மாட்டேன். அங்கே ரூம் வாடகை, சாப்பாடு, வருடத்துக்கு ஒரு டிக்கெட் எல்லாம் கழித்து, இங்கே வாங்குகிற முப்பதோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, வாடகையைக் குறைத்துப் போட்டிருக்கிறாய் என்கிறார்.